குறத்தியிடம் கேட்ட கேள்வி

திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பள்ளி நாள்களில் மனப்பாடப் பகுதியாகப் படித்தவர்கள் நம்மில் பலர். குரங்குகளும் அருவியும் வரும் அந்த ஒரு பாட்டு மட்டும் நினைவில் தங்கியிருக்கும். நூல் முழுவதையும் படித்தவர்கள் குறைவே. குருமடத்தில் தமிழ் கற்பித்த ஆசிரியரின் வற்புறுத்தலால் நான் அதை முழுமையாகப் படித்தேன். அண்மையில் மறுபடியும் படிக்க நேர்ந்தது. படிக்க நேர்ந்த காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கதை எளியது. உலாவரும் குற்றாலநாதரைக் கண்டு வசந்தவல்லி காதல் கொள்கிறாள். உடல் மெலிகிறாள், நிலவும் அவளைச் சுடுகிறது, தோழியர் செய்யும் பக்குவம் எதுவும் பலிக்கவில்லை. அவ்வேளையில் கூடையுடன் குறத்தி வருகிறாள். கையைப் பற்றிப் பார்க்கிறாள். நோய் இன்னது, அதற்குக் காரணர் இன்னார் என்று சொல்லிப் பரிசு பெறுகிறாள். இன்றைய சொல்லால் சொன்னால், அந்த நூலில் நோயறியும் மருத்துவர் அவளே.

இதில் ஒரு கட்டத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். கையை நீட்டுமுன் தலைவி குறத்தியை நோக்கி, உன் மலை எது, அதன் வளம் எத்தகையது என்று கேட்கிறாள். குறத்தியும் சளைக்காமல் தன் மலையின் வளத்தையும் நாட்டின் சிறப்பையும் பாடிக்கொண்டே போகிறாள். தலைவி இடையில் முகம் சுளிக்கவில்லை. சீக்கிரம் சொல் என்று விரட்டவுமில்லை. ஊர்ப்பெயர் கேட்பது அங்கே ஒரு மரியாதை. கேட்கப்பட்டவள் தலை நிமிர்ந்து விடை சொல்ல, அக்கேள்வி இடம் தருகிறது.

நூலை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார் என்பதும், அந்நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது என்பதும் இலக்கிய வரலாற்றில் நாம் படித்தவை. குறத்தியைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. குறத்திக்குக் கிடைத்ததா என்று எந்த இலக்கிய வரலாறும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் கிறிஸ்தவ இலக்கியத்திலும் ஒரு குறத்தி உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியை இவ்விதழின் வாசகர்கள் அறிந்திருப்பர். சாஸ்திரியார் சீர்திருத்த சபையைச் சார்ந்தவர். ஆயினும் அவருடைய கீர்த்தனைகளை நாம் நம் கோயில்களிலும் பாடத் தயங்கியதில்லை. அந்நூலில் கிறிஸ்துவின் மீது காதல் கொண்ட தேவமோகினி திருச்சபையின் உருவகம். அவளுக்குக் குறி சொல்ல வருபவள் ஞானச்சிங்கி. ஊர் ஊராய்த் திரியும் ஒரு குறத்தியின் வாயில் மறையுண்மையை வைக்க ஒரு கிறிஸ்தவப் புலவர் துணிந்தார். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் இதற்கு நிகரான துணிவைக் காண்பது அரிது என்பது என் கருத்து. ஆனால் அத்துணிவு ஏட்டோடு நின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு தெளிவை இங்கேயே சொல்லிவிடுவது நலம். குறவஞ்சி பாடும் மலைக்குறவர் வேறு. இன்று பாசிமணியும் ஊசியும் விற்றுவரும் நரிக்குறவர் வேறு. பின்னவர் பேசுவது வாக்ரிபோலி. அது தமிழோடு உறவில்லாத, வடபுல மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் குலங்கள் பற்றிய தொகுதிகளில் இவர்கள் 'குருவிக்காரர்' என்ற தலைப்பிலேயே இடம்பெறுகின்றனர். பறவையும் நரியும் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு ஊரார் ஒட்டிவைத்த பெயரே நரிக்குறவர். பெயர் ஒன்றாகிவிட்டதால் ஆளும் ஒன்று என்று நாம் எண்ணிக்கொண்டோம். மலைக்குறவர் அமைப்புகள் இந்தப் பெயர்க் குழப்பத்தை எதிர்த்துப் பலமுறை குரல் கொடுத்தும் நம் செவியில் அது ஏறவில்லை.

திரைப்படம் இக்குழப்பத்தை முழுமையாக்கிற்று. 1968-இல் வெளிவந்த 'ஒளிவிளக்கு' எம்.ஜி.ஆரின் நூறாவது படம். அதில் அவரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேடமிட்டு ஆடும் பாட்டு ஒன்று உண்டு. அதன்பின் எத்தனை படங்களில் எத்தனை நகைச்சுவைக் காட்சிகளில் அந்த வேடமும் அந்த 'சாமியோவ்' என்ற இழுப்பும் வந்தன என்று எண்ணிச் சொல்ல இயலாது. பட்டுத்துணியில் தைத்த கிழிசல், பளபளக்கும் மணிமாலை, கழுவித் துடைத்த முகம்! அந்த வேடத்தை நாம் விரும்பினோம். 2023 மார்ச்சில், சென்னையில் நுழைவுச்சீட்டுடன் வந்த ஒரு நரிக்குறவர் குடும்பத்தைத் திரையரங்கு ஊழியர்கள் உள்ளே விட மறுத்த காட்சி நாடெங்கும் பரவியது. வேடத்துக்குத் திரையில் இடமுண்டு. மனிதருக்கு இருக்கையில் இடமில்லை. எதிர்ப்புக்குப் பிறகே அவர்கள் உள்ளே அனுப்பப்பட்டனர்.

இதைக் கண்டித்துப் பேசும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. 2024 சூலையில் எங்கள் பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சியில் இளைஞர்கள் குறவன் குறத்தி ஆட்டம் ஆடினார்கள். அதற்கு முந்திய ஆண்டே தமிழக அரசு அந்த ஆட்டத்தைக் கிராமியக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. அது எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டேன். மேடைக்கு எதிரே, கோயில் மதிலை ஒட்டித் துணி விரித்து ஒரு நரிக்குறவர் குடும்பம் பாசிமணி விற்றுக்கொண்டிருந்தது. எங்கள் அவலூர்பேட்டைச் சந்தைக்கும், மேல்மலையனூர் அமாவாசைக்கும், திருவண்ணாமலைப் பௌர்ணமிக்கும் வந்துபோகிறவர்கள். அவர்களுடைய மகளுக்குப் பதினேழு வயதிருக்கும். அவள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை. இருமிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளுடைய தாய் என்னிடம் வந்து, "சாமி, பொண்ணுக்கு மூணு வாரமா இருமல். ஆஸ்பத்திரிக்கு நீங்க கூட வந்தாத்தான் பாப்பாங்க" என்றார். எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கரும் குருவைச் 'சாமி' என்றே அழைப்பர். ஆகவே அந்த அம்மாள் என்னைக் குருவாக எண்ணி அழைத்தாரா, எல்லாரையும் அழைப்பதுபோல் அழைத்தாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மகள் மட்டும் "ஃபாதர்" என்றாள். உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பேருந்தில் போகும்போது கடைப் பெயர்ப் பலகைகளைத் தன் தம்பிக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். 'சாமியோவ்' என்று இழுக்கவில்லை. திரைப்படத்தில் அவளுக்கு வேடம் கிடைத்திராது!

எந்த மருத்துவமனை என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரைச் சேர்ந்ததும் அன்று. சீட்டுப் பதியும் இடத்தில் முதற்கேள்வி, "எந்த ஊர்?" என்பதே.

அந்தக் கணத்தில்தான் குறவஞ்சி எனக்கு நினைவுக்கு வந்தது. வசந்தவல்லி கேட்ட அதே கேள்வி. ஆனால் இங்கே விடை சொல்ல இடமில்லை, கட்டம்தான் இருந்தது. கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு. தாய் ஒரு ஊரைச் சொன்னார். மகள் ஆதார் அட்டையில் உள்ள வேறோர் ஊரைச் சொன்னாள். எழுதுபவர் நிமிர்ந்து பார்த்து, "ரெண்டுல எது உண்மை?" என்றார். இரண்டும் உண்மை. ஒன்று அட்டை வாங்கிய ஊர். மற்றொன்று அந்த வாரம் கூடாரம் போட்டிருந்த ஊர். அதை விளக்க அவருக்கும் நேரமில்லை, பின்னால் நின்ற வரிசைக்கும் பொறுமையில்லை.

உள்ளே பணியிலிருந்த செவிலி என்னைப் பார்த்தே பேசினார். "இவங்களை எல்லாம் குளிச்சிட்டு வரச் சொல்லுங்க ஃபாதர்." அந்தப் பெண் தாயிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். திரும்பி வரும் வழியில் கேட்டேன். "காலையில உங்க கோயில் குழாயிலதான் குளிச்சேன்னு சொன்னேன்" என்றாள். மருத்துவரும் நோய் விவரங்களை என்னிடமே கேட்டார். எத்தனை நாளாக இருமல், சளியில் இரத்தம் உண்டா, எடை குறைந்ததா? எனக்கு எப்படித் தெரியும்? எதிரே அமர்ந்திருந்தவளுக்குத் தெரியும். அவளுக்குத் தமிழும் தெரியும். கேள்விகள் மேசையின் இந்தப் பக்கமே விழுந்துகொண்டிருந்தன. அவள் கையை எவரும் தொடவில்லை. குறவஞ்சியில் குறத்திதான் பிறர் கையைப் பற்றுகிறாள் என்பதை நான் மறக்கவில்லை.

'அழுக்கு' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நரிக்குறவரிடம் தூய்மை பற்றிய கண்டிப்பு நம்மிடம் உள்ளதைவிடக் குறைவன்று. அது வேறு வகையானது. சாமி மூட்டையை யார் தொடலாம், யார் தொடலாகாது, பெண்ணின் பாவாடை எங்கே படலாகாது, விலக்கு நாள்களிலும் பேறுகாலத்திலும் எவ்வாறு ஒதுங்கியிருக்கவேண்டும் என்பவற்றிலெல்லாம் அவர்கள் கடுமையானவர்கள். ஐரோப்பாவின் ரோமா மக்களிடமும் இதை ஒத்த வழக்கங்கள் உண்டு. உடலின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் தனித்தனித் துணி, தனித்தனி நீர் என்று பிரிக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பலரும் படுத்தெழுந்த கட்டிலில் பேறு பார்க்கும் பொது மருத்துவமனையே இவர்கள் கண்ணுக்குத் தீட்டான இடமாகத் தோன்றலாம். இருபுறமும் அருவருப்பு இருக்கிறது. ஆனால் ஒரு புறத்தின் அருவருப்புக்கு மட்டுமே அதிகாரம் உண்டு.

சளிச் சோதனையில் காசநோய் என்று உறுதியாயிற்று. ஆறு மாத மருந்து. நாள்தோறும் விழுங்கவேண்டிய மாத்திரை. இலவசமாகவே தந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரையைத் தந்தவர் ஒரு செய்தியைச் சொல்ல மறந்துவிட்டார், அல்லது என்னிடம் சொன்னால் போதும் என்று எண்ணினார். நானும் அதைக் கவனத்தில் வாங்கவில்லை. அம்மருந்துகளுள் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். அது இயல்பு, தீங்கில்லை. நான்காம் நாள் அதைக் கண்ட பெண் இரத்தம் என்று அஞ்சினாள். தாய் அதைத் தெய்வக் குற்றம் என்றார். மாத்திரை நின்றது. பத்து நாள் கழித்து மேல்மலையனூர் அமாவாசைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பாதியில் விட்ட காசநோய் மருந்து என்ன செய்யும் என்பதை வாசகர்கள் அறிவர். நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ஒரு நிமிடப் பேச்சு. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படாத ஒரு வாக்கியம். நோயாளிகள் ஒத்துழைப்பதில்லை என்று அறிக்கைகளில் எழுதப்படும்போது, அதன் பின்னால் இத்தகைய வாக்கியங்கள் எத்தனை விடுபட்டிருக்குமோ என்று அன்றுமுதல் எண்ணுகிறேன். அந்த விடுபாட்டில் என் பங்கும் உண்டு.

இரண்டாம் முறை சென்றபோது வேறொரு செவிலி இருந்தார், வயதில் இளையவர். என்னை வெளியே அமரச் சொன்னார். சற்று வருத்தமாகவே இருந்தது. பிறகு அதுவே சரி என்று உணர்ந்தேன். அரை மணிநேரம் அவளோடு பேசினார். வெளியே வந்த பெண், "ஃபாதர், அது ரத்தம் இல்லையாம், மாத்திரைச் சாயமாம்" என்று எனக்கு விளக்கம் சொன்னாள். காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர் ஒருவரும் வந்தார். அவர் கேட்ட கேள்வி, "எந்த ஊர்?" என்பதன்று. "அடுத்த அமாவாசைக்கு எங்க இருப்பே?" என்று கேட்டார். பெண் கடகடவென்று சொல்லத் தொடங்கினாள். அமாவாசைக்கு மேல்மலையனூர். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. ஆகஸ்டு கடைசியில் கொடியேறும்போது வேளாங்கண்ணி. செப்டம்பர் 8 முடிந்துதான் திரும்புவோம். கார்த்திகைத் தீபத்துக்கு மறுபடி திருவண்ணாமலை. அவர் சிகிச்சை அட்டையின் பின்புறத்தில் அதை அப்படியே வரிசையாக எழுதிக்கொண்டார். எந்த ஊரில் இருக்கும்போது எந்த மையத்தில் மாத்திரை வாங்கலாம் என்பதையும் பக்கத்தில் குறித்தார்.

குறத்தி நாட்டுவளம் சொன்னதை அன்று நான் நேரில் கேட்டேன் எனலாம். அவர்களுக்கு முகவரி இல்லை என்பது பிழை. அவர்களது முகவரி தெருவில் இல்லை, திதியில் இருக்கிறது. அதைப் பதியும் கட்டம் நம் படிவத்தில் இல்லை, அவ்வளவே.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. இங்கிலாந்தில் ஒரு மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயமில்லை என்று அரசு மருத்துவ அமைப்பின் விதியே சொல்கிறது. இருந்தும் வண்டிகளில் வாழும் நாடோடிக் குடும்பத்துப் பிள்ளைகள் சான்று இல்லை என்று வாசலிலேயே திருப்பப்படுவது தொடர்கிறது. மத்திய ஐரோப்பாவில் நடந்தது இதனினும் கொடியது. ரோமா பெண்களுக்கு அவர்கள் உணர்ந்து இசையாமலே கருத்தடை செய்யப்பட்டது. பேறுவலியின் நடுவே நீட்டிய தாளில் கையெழுத்து வாங்கப்பட்ட ஒரு ரோமா பெண்ணின் வழக்கில், 2011-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஸ்லோவாக்கிய அரசைக் குற்றவாளியாகக் கண்டது. செக் நாடு இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது 2021-இல்தான். ரோமா மக்களின் மொழியும் வாக்ரிபோலியும் ஒரே பெரிய மொழிக் குடும்பத்தின் இரு கிளைகள். இவர்கள் ஒரே மக்கள் என்று சொல்ல வரவில்லை. இருவரும் மருத்துவமனை மேசைக்கு முன் ஒரே விதமாக நடத்தப்படுகின்றனர் என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019 சூன் 2-ஆம் நாள் ருமேனியாவின் பிளாஜ் நகரில் ரோமா மக்களிடம் திருச்சபையின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், 1997-இல், செபரீனோ ஹிமெனெஸ் மாயா என்ற ஸ்பானிய ரோமா பொதுநிலையினர் அருளாளராக உயர்த்தப்பட்டார். படிப்பறிவில்லாத அந்தக் குதிரை வணிகரின் படத்தை நம் பங்குகளில் எங்கும் நான் கண்டதில்லை. எங்கள் பங்கிலும் இல்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரிந்து, குறவர் உள்ளிட்ட பல குடிகளைப் பதிவேட்டில் அடைத்தது. நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே அதற்கென அஜீஸ் நகர் குடியிருப்பு இருந்தது. "எந்த ஊர்?" என்ற கேள்வியை அலைகுடிகள் காவலரின் வாயிலிருந்தே தலைமுறைகளாகக் கேட்டுவந்தனர் என்பதை மறத்தலாகாது. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என 1965-இலேயே லோகூர் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகள்.

இன்னொரு சட்டத்தின் முன் நான் குழம்பியே நிற்கிறேன். பதினெட்டு நிறையாத பெண் கருவுற்று வந்தால் காவல்துறைக்கு அறிவிக்கவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் கடமை. அச்சட்டம் வேண்டும், ஐயமில்லை. ஆனால் இளவயதில் மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகாத கூடாரங்களில், அதன் அச்சம் பெண்ணை மருத்துவமனைப் பக்கமே வரவிடாமல் செய்கிறது. கணவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அஞ்சி, சோதனையும் ஊசியுமின்றி மாதங்களைக் கழிக்கிறாள் அவள். இதற்கு விடை என்னிடம் இல்லை.

இலக்கியத்துக்குத் திரும்புகிறேன். கரசூர் பத்மபாரதியின் 'நரிக்குறவர் இனவரைவியல்' 2004-இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர்க்கு 2022-இல் தூரன் விருது வழங்கப்பட்டபோதுதான் பலரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அப்போதே வாங்கினேன். அலங்காரமில்லாத நடை. அதன் பெருமை, குறவஞ்சிக்குப் பின் வந்த இலக்கியமும் திரையும் கைவிட்ட ஒன்றை மீட்டெடுத்ததே: கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருத்தல். வேடம் கட்டி ஆடுவதற்கும் அருகே அமர்ந்து கேட்டெழுதுவதற்கும் உள்ள தொலைவு அந்நூலைப் படித்தால் விளங்கும்.

குறவஞ்சிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவை குறத்திக்குப் பேச்சைக் கொடுத்தன. அந்தப் பேச்சைக் கேட்கும் தலைவியையும் படைத்தன. எனினும் திருக்குற்றாலத்திலும் பெத்லகேமிலும் ஒரே குறையைக் காண்கிறேன். குறத்தி பிறர் நோயை அறிபவளாகவே வருகிறாள்; அவளுக்கு நோய் வருவதில்லை. பதினேழு வயதில் இருமுவதில்லை. வேதநாயக சாஸ்திரியார்கூட ஞானச்சிங்கியின் கையில் மறைபொருளைத் தந்தாரேயன்றி, அக்கையைத் திருப்பி ரேகையைப் பார்க்கவில்லை. உருவகங்களுக்கு உடல் இல்லை என்பது இலக்கண நியாயமாக இருக்கலாம். சிங்கியை உருவகமாகவே பார்த்துப் பழகிய கண்தான், சிங்கியைப் போன்றவள் எதிரே அமர்ந்திருக்கும்போது குருவானவரைப் பார்த்து நோய் விசாரிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெண் ஆறு மாத மருந்தையும், இடையில் விட்ட நாள்களையும் சேர்த்து முடித்தாள். கடைசிச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அட்டையை என்னிடம் காட்டினாள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே அதிகம் அழுக்கேறியிருந்தது. வேளாங்கண்ணிக்கு நேரே பச்சை மையில் ஒரு குறி.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கும் இளைஞர்கள் வந்து அதே ஆட்டத்தைக் கேட்டனர். இம்முறை மறுத்தேன். வேறென்ன ஆடுவது என்று முகம் வாடி நின்றவர்களிடம் பெத்லகேம் குறவஞ்சியைக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து ஒருவன் மட்டும் நூலைத் திருப்பிக் கொண்டுவந்தான். "ஃபாதர், இதுல குறத்திக்கு ஒடம்பு சரியில்லாம போறதா ஒரு காட்சி எழுதிச் சேத்துக்கலாமா?" என்று கேட்டான். எழுதுவதற்கு முன் அவர்களையே கேட்டுவிடலாம் என்றேன். ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு வருவார்கள்.